வண்டியை விற்கப்போவதில்லை

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தெம்பாகத்தான் இருக்கிறோம், என் முழங்கையில் ஒரு சிராய்ப்பு தவிர. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கவேண்டும், எனக்கு அது போதும்.

நீயும் அப்பாவும் போனில் பேசி முடிவெடுத்தது என் காதுக்கு வந்துவிட்டது. "வண்டிய வித்துடுங்கப்பா, அம்மா இந்த வயசுல ஓட்டணுமா" என்றாயாம். எனக்குக் கோபம் இல்லை, ஆனால் கேள். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், யார் தயவும் இல்லாமல் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருகிறேன், இனிமேல் வாசலில் நின்று யார் வண்டி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அன்றைக்குப் பள்ளிக்கூட வளைவில் ஸ்டீரிங் கையில் உதறியதும், வண்டி ஒரு பக்கமாக இழுத்ததும், மதில் சுவரில் மோதாமல் மயிரிழையில் தப்பியதும் உண்மைதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா "இதோட நிறுத்திக்கலாம்" என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் கோளாறு வண்டியிலா என் கையிலா என்று தெரியவேண்டாமா?

மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டால் அவர் கை உடைந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறார். விவரம் கேட்டுவிட்டு, "ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற கம்பி முனையில ஒரு குண்டு மூட்டு இருக்கும்க்கா, அது தேஞ்சிருக்கும்" என்றார். "நானே மாத்திடட்டுமா" என்றேன். அவர், "ஜாக்கிய மட்டும் நம்பிடாதீங்க, வண்டியத் தாங்குற ஸ்டாண்டும் புது மூட்டும் குடுத்தனுப்புறேன்" என்று சொல்லி, செய்யவேண்டியதை ஒவ்வொன்றாக விளக்கினார்.

வாசலிலேயே வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தேன். சக்கரத்தை நான் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்ட, மூட்டில் கை வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே, அப்பாவைக் கூப்பிட்டேன். முறைத்துக்கொண்டே வந்து குனிந்தவர், விரலை வைத்ததும், "ஆடுது, இங்கதான் ஆடுது, உன் மேல தப்பு இல்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் வண்டி மொத்தத்தையும் பிரித்துப் போட்டிருப்பேன்!

சக்கரத்தைக் கழற்றி, பழைய மூட்டு எதுவரை ஏறியிருந்தது என்று கம்பியின் திருகு மரையில் நகப்பூச்சால் அடையாளம் வைத்து, நட்டைக் கழற்றினேன். மூட்டு மட்டும் வரவே இல்லை. அடித்தேன், நெம்பினேன், ஸ்பேனர் வழுக்கி முழங்கை தரையில் தேய்ந்தது. அப்பா "விடு, போதும்" என்றார். "நீங்க வேணும்னா உள்ள போங்க, இது கழலாம நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். அவர் போகவில்லை. மூட்டைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "போல்ட்ட அடிக்காத, அது உட்கார்ந்திருக்கிற இரும்போட பக்கவாட்டுல அடி" என்று என் கையைப் பிடித்து இடத்தைக் காட்டினார். ஓங்கி அடித்தேன், டப்பென்று விட்டுவிட்டது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்திவிட்டோம், எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது.

புது மூட்டை அடையாளம் வரை ஏற்றி, நட்டை இறுக்கி, அது கழன்றுவிடாமல் ஊசி போன்ற புதுப் பின் ஒன்றைச் செருகினேன். மெக்கானிக் தம்பி ஆட்டோவில் வந்து பார்த்து, ஒரு நட்டை மட்டும் இன்னும் இறுக்கச் சொன்னார். சக்கரத்தை மாட்டி, மெதுவாக ஓட்டிப்போய், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. திரும்பும்போது அதே வளைவு. வளைவு வந்தாலே பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிக்கிற அப்பா, இந்த முறை மிதிக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார், "அந்தப் பக்க மூட்டும் பழசுதானே, நாளைக்கு அதையும் மாத்திடலாம்."

அதனால் விற்கிற பேச்சை விடு. உன் வண்டி உதறினாலும் அசட்டையாக இருக்காதே, உடனே காட்டு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் போகிற வழியெல்லாம் நல்ல வழியாக அமையட்டும்.

கிரீஸ் போகாத கைகளோடு,
உன் அம்மா