சுரண்டாமல் விட்ட பாசி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் ஆராய்ச்சிக்காக இங்கே சேர்த்துவைத்த பாசிப் பொட்டலங்களைத் தபாலில் அனுப்பிவிட்டால், வகை பிரிக்கும் வேலையை அங்கேயே முடித்துவிடலாம், இந்த வருடமும் வீட்டுக்கு வரத் தேவையிருக்காது என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அன்று நான் சமைக்கவில்லை.

பொட்டலங்களை எடுத்தபோது ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டாதீர்கள். நீங்கள் ஆராயும் இந்தத் தாவரக் குடும்பத்துப் பாசி காய்ந்து சுருண்டு கிடந்தாலும் தண்ணீர் பட்டால் விரியும் என்று பெருமையடிப்பீர்களே, பார்த்துவிடலாம் என்று ஒன்றின்மேல் தெளித்தேன். முறுக்கிக் கிடந்த இலைகள் கண்ணெதிரே பிரிந்தன. இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொன்று அசைந்து வெகுகாலமாயிற்று. ஆசையை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் தட்டுகளில் பரப்பி நனைத்துவிட்டேன். தபால்காரர் எட்டிப்பார்த்து, “என்னம்மா, சாப்பிடற தட்டுல பாசி வளக்கறீங்க?” என்று கேட்டார். சிரித்துவைத்தேன்.

தட்டுகளை மாற்றி மாற்றி வைத்ததில் எது எந்தப் பொட்டலம் என்று குழம்பிவிட்டது. உங்கள் நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றின் இலையிலும் பொடிப்பொடியாக மரு, அதனால் பளபளப்பே இல்லை. இலையோரம் கீழே மடிந்தவற்றை ஒரு பக்கமும் மேலே மடிந்தவற்றை மறுபக்கமும் வைத்தேன். நுனியில் வெள்ளை முடி உள்ளவை தனி. நம் இருவர் தலையும் இப்போது அந்தக் கூட்டம்தான். காம்பின் நுனியில் நிற்கும் வித்துப்பையின் வாயைச் சுற்றியுள்ள நுண்ணிய பற்கள் கயிறுபோல் முறுக்கியிருக்கின்றனவா என்றும் பார்த்தேன். பொட்டலங்களின்மேல் நீங்கள் கிறுக்கியிருந்த அடையாளங்களோடு ஒப்பிட்டு, காயவைத்து, உள்ளே போட்டுவிட்டேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பார்சல் நாளை கிளம்பும்.

இன்னொரு சேதி. குளியலறையின் பின்சுவரில் நான் தேய்த்துத் தேய்த்து உங்களிடம் திட்டு வாங்குவேனே, அந்தப் பாசி மறுபடி வந்திருக்கிறது. நீங்கள் போனதிலிருந்து நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. வெயிலில் முறுக்கிக்கொள்கிறது, தண்ணீர் ஊற்றினால் விரிகிறது, அதே குடும்பம்தான். ஆனால் எந்தப் பொட்டலத்தோடும் ஒத்துப்போகவில்லை. வித்துப்பை இன்னும் வரவில்லை, அது வராமல் பெயர் சொல்ல முடியாது என்பீர்கள். மழைக்குப் பிறகு வரும் என்று நினைக்கிறேன்.

சுரண்டி அனுப்பு என்று எழுதாதீர்கள். அனுப்பமாட்டேன். தனியாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் தெளிக்கிறேன். நீங்கள் வந்து பார்த்துப் பெயர் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி