கமலாவுக்குப் பதிலாகக் கிச்சிலி

நேற்று பேரன் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்தான். அடையாறு கடைகளில் இப்போது எந்த மாதமும் கிடைக்கிறதாம். கடல் தாண்டி வந்த பழம். ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. உரித்துக் கொடுத்தான். கொட்டையே இல்லை, நல்ல தித்திப்பு. ஆனால் தோலைக் கிள்ளியபோது தெறித்த வாசனை மூக்கில் ஏறியதும், என் வாயில் ஊறியது புளிப்பு. தனியாகச் சிரித்துக்கொண்டேன். "இன்னா பாட்டி?" என்றான். அவனுக்குச் சொல்வதைவிட உங்களுக்கே எழுதலாம் என்று தோன்றியது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் என் பக்கத்துப் பாதியை நீங்கள் முழுதாகக் கேட்டதே இல்லை. நான் தொடங்கினால் நடுவில் நீங்கள் புகுந்து உங்கள் பாதியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யுத்த காலம். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் அந்த இரண்டு அறை வீட்டில் நீங்கள், நான், உங்கள் அம்மா. துறைமுகத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, ஒரு சினிமா ஸ்டுடியோவில் சேர்ந்திருந்தீர்கள். காட்சிக்கு வேண்டிய சாமான்களைத் தேடிக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. ராஜா கைக்கு வாள், ராணி தோளுக்குக் கிளி, எதுவானாலும் நீங்கள்தான். என் அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "சினிமாக்காரனுக்கா பொண்ணு குடுத்தேன்?" என்று வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனவர், அதற்கப்புறம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த வேலையில் நிலைத்துக் காட்ட வேண்டும் என்று உங்களுக்கு ஒரு வைராக்கியம். எனக்கும்தான்.

வைகாசி மாதம், ஒரு சாயங்காலம். பெரிய கூடை ஒன்றோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தீர்கள். முகத்தில் ஈயாடவில்லை.

"காலையில சீன். தோட்டத்துல உக்காந்து கதாநாயகன் கமலா ஆரஞ்சை உரிச்சிக்கினே பேசணும். ஒவ்வொரு சுளையா அந்தம்மாவுக்கு ஊட்டணும். டைரக்டர் ஒரே பிடியா கீறாரு. பழம் இல்லன்னா நானும் வர வேணாமாம்."

"இந்த வெயில் காலத்துல கமலாவுக்கு எங்கடா போறது?" என்றார் அத்தை.

குடகுப் பழம் பனிக்காலத்தோடு முடிந்துவிட்டது. நாகபுரிப் பழமோ, ரயிலெல்லாம் பட்டாளத்துச் சாமான் ஏற்றத் தொடங்கிய பிறகு, பருவத்திலேயே அபூர்வம். கொத்தவால் சாவடியில் கமலா கேட்டதற்குப் பழக்காரர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றீர்கள். அப்படியும் விடாமல், ஆரஞ்சுக்கு உறவு என்று சொல்லத்தக்கது எல்லாவற்றையும் வாங்கி வந்து தரையில் பரப்பினீர்கள்.

முதலில் சாத்துக்குடி. அருமையான பழம்தான், காய்ச்சல்காரருக்கு அதைப்போல வேறு கிடையாது. ஆனால் தோல் சதையை விடாது. நகத்தால் கிள்ளிப் பார்த்தீர்கள். துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து, சாறு முழங்கை வரை வழிந்தது. "கத்தி வெச்சி அறுத்தா?" என்றீர்கள். "கத்தியோட உக்காந்து பேசினா காதல் சீனாட்டமா இருக்கும்?" என்று அத்தை கேட்டார். அடுத்தது பம்ளிமாஸ். குழந்தைத் தலை அத்தனை பெரிசு. அதை உரித்து முடிப்பதற்குள் ஃபிலிம் தீர்ந்துவிடும். அந்த நாளில் ஃபிலிமும் அளந்துதான் கிடைத்தது. கடைசியாக நாரத்தை. அதன் மேடு பள்ளமான தோலைப் பார்த்ததுமே அத்தை கையை ஆட்டிவிட்டார். "கொட்டாயில உக்காந்துகினு கீற பொம்பளைங்க அத்தினி பேரும், ஊறுகாய்க்காயைத் தூக்கிக் குடுக்கறான் பாருன்னு சிரிப்பாளுங்க."

கமலாவின் குணமே தனி. அதன் தோல், ஆள் இளைத்தபின் போட்ட சட்டைபோலத் தளர்வாக நிற்கும். காம்புப் பக்கம் கட்டைவிரலை நுழைத்தால் போதும், கழன்றுவிடும். சுளைகளும் தாமாகவே பிரியும். பேசிக்கொண்டே உரிக்க அதைவிட்டால் வேறு பழம் இல்லை என்று நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்டீர்கள்.

சமையலறைக் கதவோரம் நின்ற எனக்கு அப்படி இன்னொரு பழம் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் வேறொன்றையும் சொல்லும்படி ஆகும். நம் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சுலைகா பீ வீட்டில் ஒரு கிச்சிலி மரம் நின்றதல்லவா? சில வாரங்களாக, மத்தியானம் அத்தை கண்ணயர்ந்ததும் நான் சுவரோரம் போவேன். சுலைகா பீ இரண்டு பழம் எட்டிக் கொடுப்பாள். உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டு அங்கேயே நின்று தின்பேன். சோற்றைப் பார்த்தால் குமட்டியது. கிச்சிலியை நினைத்தால்தான் உயிர் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், நிச்சயமானதும் சொல்லலாம் என்று உங்கள் இருவரிடமும் மறைத்திருந்தேன்.

உங்கள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "கிச்சிலி ஆவாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"கிச்சிலியா?"

"கமலாவாட்டமே கொஞ்சம் தட்டையா உருண்டையா இருக்குங்க. தோல் நல்லா கழண்டு வரும். சுளையும் பிரியும். கொட்டைதான் ஜாஸ்தி. பச்சையும் மஞ்சளுமா இருந்தா படத்துல இன்னா தெரியப்போவுது? புளிப்பு மட்டும் ரொம்ப. கூடவே ஒரு கசப்பு."

"உனக்கு எப்டி இவ்ளோ தெரியும்?"

"தெனமும் சாப்பிடறேன்."

அத்தை சட்டென்று திரும்பி, என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள் என்ன கேட்டீர்கள் தெரியுமா? "தோலு முழுசா கழலுமா?"

கூடையோடு நீங்கள் சுலைகா பீ வீட்டுக்கு ஓடியதும் அத்தை என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். "நீ வாயே தொறக்காத. அவனா கண்டுபுடிக்கட்டும்" என்றார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சுலைகா பீயின் குரல் கேட்டது. "எல்லாத்தயும் பறிக்காதீங்க தம்பி. உங்க வீட்டுப் பொண்ணுக்கு நாலு விட்டு வைங்க. அதுக்குத்தான் இப்ப வேணும்." அப்போதும் உங்களுக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் நடந்ததை நீங்கள் ஆயுள் முழுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான். தோல் பூப்போலக் கழன்றதாம். கதாநாயகி முதல் சுளையை வாயில் வாங்கினார். கண்கள் இறுக மூடிக்கொண்டன. இரண்டாவது சுளைக்குக் கண்ணீர் தளும்பியது. நீங்கள் ஒரு அட்டைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். ஆனால் அந்த அம்மாள் வசனத்தை விடவில்லை. "தேனாய் இனிக்கிறதே" என்று தழுதழுத்த குரலில் சொல்லி முடித்தார். டைரக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இதுதான்யா காதல்" என்றாராம்.

காட்சி முடிந்ததும் கதாநாயகி நேராக உங்களிடம் வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தீர்கள்.

"இன்னா பழம் இது?"

"கிச்சிலிங்க. கமலா கிடைக்கலீங்க. மன்னிக்கணும்."

"மனுஷங்க சாப்பிடறதா இது?"

"என் சம்சாரம் தெனமும் சாப்பிடுதுங்க."

அந்த அம்மாள் உங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கல்யாணமாகி எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தார். போன ஆவணி என்றீர்கள். "சரியான ஆளுய்யா நீ" என்று சிரித்தார். "மொதல்ல வூட்டுக்குப் போ. போய் உன் சம்சாரத்தைக் கேளு."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சட்டையெல்லாம் நனைந்து, மூச்சிரைக்க வாசற்படியில் வந்து நின்றீர்கள். கேட்க வாயெடுத்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், அத்தையைப் பார்த்தீர்கள். "இப்பதான் வெளங்கிச்சா?" என்றார் அத்தை. நீங்கள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

சேதி போன மறுநாளே என் அப்பா வந்தார், கை கொள்ளாத சாத்துக்குடியோடு. உள்ளே வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, உங்க படம் எப்ப வருது?" என்று கேட்டார். நான் அடுப்பங்கரைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன்.

படம் வந்தபோது நம் மகள் கைக்குழந்தை. தியாகராய நகர்க் கொட்டகையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தோம். தோட்டக் காட்சி வந்தது. கதாநாயகியின் கண்ணில் நீர் தளும்பியதும் முன்வரிசையில் ஒரு பெண், "பழம் எவ்ளோ தித்திப்பா இருந்தா கண்ணுல தண்ணி வரும் பாரு" என்று பக்கத்துப் பெண்ணிடம் உருகினாள். நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பெஞ்சே குலுங்கியது. குழந்தை விழித்து வீறிட்டாள். நான்கு பேர் திரும்பி முறைக்க, அவளைத் தூக்கிக்கொண்டு இருவரும் வெளியே ஓடி வந்தோம். சுவரில் சாய்ந்து நின்று நீங்கள் இன்னும் சிரித்தீர்கள். உங்களைப் பார்த்து நானும், அழுகையை நிறுத்திவிட்டுக் குழந்தையும்.

"உள்ள போலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நம்ம சீன்தான் முடிஞ்சிடுச்சே" என்றீர்கள்.

அந்தப் படம் எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டதும் இல்லை. கொட்டகை வாசலில் நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. வீட்டில் பேச ஆளில்லாத நேரங்களில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.