மலைக்குச் சைபர் பாகை

இன்று காலை கணிதப் பெட்டியைத் திறந்ததும் ஈரத் தகர வாசம் அடித்தது. நான்கு நாள் அடைமழை. நம் பாகைமானியின் ஓரத்தில் துரு ஏறியிருக்கிறது. பாவாடை நுனியால் துடைக்கும்போது உன் சிரிப்பு காதில் கேட்டது.

நீயும் நானும் ஒரே வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தேயிலை மலையின் சரிவு எத்தனை பாகை என்று சரியாகச் சொல்பவருக்குத் தன் பழைய பாகைமானியையே தந்துவிடுவதாக வாத்தியார் சொன்னார். ஆளுக்கு ஒருமுறை அளந்து பார்க்கவும் கொடுத்தார். அது எனக்கே கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோணம் அளக்க முதலில் மட்டமான கோடு ஒன்று வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். உன் அம்மாவின் மட்டக்கம்பை இரவல் வாங்கினேன். கொழுந்தெடுக்கும்போது செடிமேல் கிடத்தி, கம்புக்கு மேலே நிற்கும் தளிரை மட்டும் கிள்ளுவார்களே, அந்தக் கம்பு. அதைச் செடிகளின்மேல் வைத்து, கம்புக்கும் தரைக்கும் இடையே அளந்தேன். செடிகளும் மலையோடு சாய்ந்திருக்கின்றன, கம்பும் அவற்றோடு சாய்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சைபர் பாகை என்று கொப்பியில் பெருமையாக எழுதினேன்.

நீ எட்டிப் பார்த்தாய்.

“மலை சைபர்னா, எங்கம்மா கூடையோட ஏறுறப்ப ஏன்டி அப்புடி மூச்சு வாங்குறாங்க?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நம் லயத்து வீடுகளுக்குச் சுவர் கட்ட வந்த மேசன் நூலில் குண்டு தொங்கவிட்டதை நீ பார்த்திருந்தாய். உன் சடை நாடாவிலிருந்து ஓர் இழையை உருவி, கல் கட்டி, பாகைமானியின் நடுத்துளையில் மாட்டினாய். அதைத் தலைகீழாக, செடிமேல் சாய்ந்து கிடந்த கம்போடு ஒட்டிப் பிடித்தோம். மட்டமான இடத்தில் தொண்ணூறில் நிற்க வேண்டிய நூல் ஐம்பத்தைந்தில் நின்றது. கழித்துப் பார்த்தேன்: முப்பத்தைந்து பாகை. வாத்தியார் நம் இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார். வாரம் ஒருத்தி வீட்டில் என்று பேசிக்கொண்டோம்.

உங்கள் குடும்பம் இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டது உன் வாரத்தில். அட்டன் ஸ்டேசனில் ரயில் சன்னல் வழியாக நீ பாகைமானியை நீட்டினாய். உன் வாரம் என்று நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீ நூலை மட்டும் கழற்றிக் கல்லோடு கைக்குட்டையில் முடிந்தாய்.

“நாங்க போற ஊர்ல மலையே இல்லையாம்டி. தகரத்த நீ வச்சுக்க. கல்லு எனக்கு.”

இன்று மழை விட்டதும் புது நூலில் வேறொரு கல்லைக் கட்டி, ஒரு கம்பையும் எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். காற்றில் கொஞ்சம் ஆடிவிட்டு, ஐம்பத்தைந்தில்தான் வந்து நின்றது.

இப்போதெல்லாம் பரீட்சையில் எந்தக் கோணத்தை அளந்தாலும் உடனே எழுதுவதில்லை. உன் அம்மா கூடையோடு அதில் ஏறினால் மூச்சு வாங்குமா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, பிறகுதான் எழுதுகிறேன்.