சின்னக் குட்டை இறால்

உன் காரியம் முடிந்த மறுநாள் கறிவிருந்து. உன் மகன் என் இலையில் இறால் தொக்கை வைத்து, "பயப்படாம துன்னுங்க மாமா, சின்னக் குட்ட எறா" என்றான். குரல்கூட உன்னுடையதே. தொடாமல் எழுந்துவிட்டேன்.

தடாவுக்குக் கிழக்கே உனக்கு ஆறு குட்டைகள் இருந்தன. ஐந்து ஏற்றுமதிக்கு. வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் குட்டை உன் குடும்பத்துக்கு. ஐந்தில் நோய் கண்டபோதெல்லாம் தடைசெய்யப்பட்ட குளோராம்பெனிகால் தூளைத் தீவனத்தில் கலக்கச் சொன்னாய். சின்னக் குட்டையில் ஒரு சிட்டிகைகூட விழக் கூடாது. "நம்ம புள்ளைங்க துன்றது" என்பாய். அறியாமை என்று உனக்காக வாதாட வழியில்லை. இருவரும் திருப்பதியில் ஒரே வகுப்பில் விலங்கியல் படித்தவர்கள். அந்த மருந்து எலும்பு மஜ்ஜையை என்ன செய்யும் என்று தேர்வில் எழுதி, என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன் நீ.

அறுவடைக்கு முன் பரிசோதனைக்கு மாதிரி கேட்டால் சின்னக் குட்டையில்தான் வலை வீசுவாய். அது வந்து சேரும் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். எந்தக் குட்டை இறால் என்று தெரிந்தே, மருந்து எச்சம் இல்லை என்று கையெழுத்திட்டேன். அதற்கு நட்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒருமுறை கப்பலேறிய சரக்கு வெளிநாட்டுத் துறைமுகச் சோதனையில் மருந்து எச்சத்தோடு பிடிபட்டுத் திரும்பி வந்தது. அழிக்க வேண்டியதைச் சித்தூர்ச் சந்தைக்கு அனுப்பினாய். கேட்டதற்கு, "நம்மாளுங்ககிட்ட மெஷினா கீது?" என்று சிரித்தாய். விசாரணை வந்தபோது குற்றத்தைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். தீவனம் கலக்கும் ஏழுமலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

தானே தூளை வாங்கிக் கலந்ததாக அவர் ஒப்புக்கொள்ளும் கடிதத்தை நீ கேட்டாய், நான் எழுதினேன். பிழையில்லாத கடிதம். அவருக்குப் படிக்கத் தெரியாது. கலப்பதில் ஏதோ தவறிவிட்டாய் என்று மட்டும் அவரிடம் சொன்னாய். நம்பிக் கைநாட்டு வைத்தார். அதன்பின் அந்தக் கரையில் எந்தப் பண்ணையும் அவரைச் சேர்க்கவில்லை.

விருந்தில் உன்னைத் தர்மவான் என்று சொல்லி அழுதார்கள். நான் அங்கிருந்து நேரே திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போனேன். படியேறுபவர்களுக்குக் கற்பூரமும் குங்குமமும் விற்றுக்கொண்டிருந்த ஏழுமலை என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மொதலாளி நல்லாக்கீறாரா என்று கேட்டார். நீ இறந்ததைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் உனக்காக, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள்மேல் தவறே இல்லை, அந்தக் கடிதம் பொய், எழுதியவன் நான் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சிரித்தார்.

"சும்மா சொல்றீங்க சார். நீங்க படிச்சவரு. நான் தப்பு பண்ணலன்னா நீங்க எழுதியிருப்பீங்களா?"

இதைக் கேட்காமல் சாகும் வசதி உனக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.