டார்லின் வீட்டுப் பாத்திரம்

குட்டாய்சி, ஜார்ஜியா நாடு
2017 பிப்ரவரி 3

அன்புத் தங்கை லமாராவுக்கு,

வெர்னனை அடக்கம் செய்த அன்று நான் உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். விசா வரவில்லை. அது காரணம்தான், ஆறுதல் இல்லை. இங்கே நம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தேன். தெருவே வந்தது. உன் கணவனை ஒருநாளும் பார்த்திராதவர்கள்கூட உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு தெங்கிஸ் மதுக்கிண்ணத்தை உயர்த்தி அவன் பெயரைச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை.

அங்கே யார் அழுதார்கள்? உண்மையைச் சொல்.

அமெரிக்காக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியும். எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார்கள், யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நடந்துவிடுவார்கள். பிள்ளை வளர்ந்ததும் வீட்டை விட்டுப் போவான். பெற்றவளை முதியோர் இல்லத்தில் விடுவான். வெர்னன் அப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனும் போய்விட்டான். பிள்ளை இல்லாத உனக்கு இனி அங்கே யார்?

முற்றத்தைப் பார்த்த அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். நம் அம்மாவின் கட்டிலைப் போட்டிருக்கிறேன். எனக்கும் பேச ஆள் இல்லை. வந்துவிடு.

உன் அண்ணன்,
ஜுராப்


எல்ம் ரிட்ஜ், மினசோட்டா
2017 பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

உண்மையைக் கேட்டாய். யாரும் வாய்விட்டு அழவில்லை.

தேவாலயத்தில் பாட்டு, பிரார்த்தனை. பிறகு நிலவறையில் காப்பியும், பன்றிக்கறி வைத்த ரொட்டியும். ஒரு மணி நேரத்தில் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டார்கள். எதிர்வீட்டு விர்ஜில் வெர்னனோடு இருபது வருஷம் மீன்பிடிக்கப் போனவர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "ரோடெல்லாம் ஐஸா கெடக்கு, பாத்துப் போம்மா." அவ்வளவுதான். அந்தக் கையை உதறிவிடலாம் போல இருந்தது.

சாப்பாடு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. நூடுல்ஸ், கறி, சீஸ் எல்லாம் போட்டு வேகவைத்த பெரிய கண்ணாடிப் பாத்திரங்கள். விர்ஜிலின் மனைவி டார்லின் வாசலில் நின்று கொடுத்தாள். "உள்ளே வா" என்றேன். "இல்ல இல்ல, வண்டி ஓடிக்கிட்டு இருக்கு" என்றாள். எதிர்வீடு, அண்ணா! அதற்கும் வண்டி. எல்லாருமே அப்படித்தான். எஞ்சினை அணைப்பதில்லை, வாசற்படியைத் தாண்டுவதில்லை.

இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். நூலகத்தில் இவர்கள் எல்லாருக்கும் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் நீ சொல்வது சரி என்றே தோன்றுகிறது. வசந்தத்தில் வா. வீட்டை விற்க ஏற்பாடு செய்து, சாமான்களைக் கட்டலாம்.

உன்
லமாரா


குட்டாய்சி
2017 மார்ச் 14

லமாரா கண்ணே,

விசா கிடைத்துவிட்டது. ஏப்ரலில் வருகிறேன். சாமான் கட்ட நல்ல கயிறு அங்கே கிடைக்குமா, எடுத்துவரட்டுமா? தெங்கிஸ் என்னை எச்சரித்திருக்கிறான்: "எல்லார் இடுப்பிலயும் துப்பாக்கி இருக்குமாம், வாயக் கட்டிக்கிட்டு இரு." வாயைக் கட்டுகிறேன். டப்பாவில் அடைத்த சாப்பாட்டைத்தான் அவர்கள் தின்பார்களாம், அதற்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். நீயே சமைத்துப் போடு.

ஜுராப்


எல்ம் ரிட்ஜ்
2017 ஜூன் 11

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாக வீடு சேர்ந்தாய் என்று கேட்டு நிம்மதி. செப்டம்பருக்குள் நானும் வந்துவிடுவதாகப் பேசி அனுப்பினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

தொடக்கம் நீதான். நீ வந்த மறுநாள், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை டேப்பில் வீட்டுக்காரர் பெயர். நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது: "வெறும் பாத்திரத்தையா கொடுக்கப் போற? நம்ம அம்மா உன்ன அப்படியா வளத்தா?" ரெண்டு நாள் மாவு பிசைந்தாய். சீஸ் ரொட்டியும், அக்ரூட் அரைத்துப் போட்ட ராஜ்மாவும் நிரப்பி வீடு வீடாகப் போனோம். உன் முகத்தையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

இங்கே ஒருவர் எதையாவது கொடுத்தால் இவர்களால் சும்மா இருக்க முடியாது. நீ ஊருக்குக் கிளம்புவதற்குள்ளேயே பாதிப் பாத்திரங்கள் திரும்பி வந்துவிட்டன அல்லவா? நீ போன பிறகும் நிற்கவில்லை. தோட்டத்துப் புளிப்புத் தண்டில் செய்த இனிப்பு, உருளைக்கிழங்கு சாலட், மீன். வெறுமையாகத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் நிரப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது.

போன வாரம் டார்லின் நடந்தே வந்தாள். வண்டி இல்லை. அடுப்படி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"லமாரா, இத எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல. விர்ஜிலுக்கு பெல்ட்டுல ஓட்டை பத்தல."

"நீ நிறுத்தேன்."

"நானா? நன்றி சொல்லி யாராச்சும் அட்டை போட்டா, அந்த அட்டைக்கு நன்றின்னு பதில் அட்டை போடுற குடும்பம் எங்களது. நீ நிறுத்து!"

ரெண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். வெர்னன் போன பிறகு இந்த வீட்டில் சிரிப்பு கேட்டது அன்றுதான். அந்தத் துணிச்சலில் கேட்டுவிட்டேன்: "குளிர்காலம் முழுக்க ஏன் யாரும் உள்ள வரல?"

அவள் முகம் மாறியது. "உள்ள வந்தா நீ காப்பி போடணும். எங்களுக்காகச் சிரிக்கணும். உன் துக்கத்துல நாங்க வந்து குந்திக்கிட்டா எப்படி? வண்டிய ஓட விட்டதே, கூப்பிட்டுத்தான் ஆகணும்னு உனக்குத் தோணக் கூடாதுன்னுதான். நாங்க பண்ணுனது தப்பா?"

அதற்காகத்தான் எதிர்வீட்டுக்கும் வண்டியில் வந்திருக்கிறாள்.

விர்ஜிலைப் பற்றியும் சொன்னாள். குளிர்காலம் முழுக்க நான் எழுவதற்கு முன்பே என் வாசல் பனி தள்ளியிருக்கும். ஊராட்சி ஆட்கள் என்று நினைத்திருந்தேன். விர்ஜிலாம். வெர்னனின் மண்வெட்டியைத்தான் எடுத்துத் தள்ளுவாராம். வீட்டுக்குத் திரும்பியதும் காலணியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருப்பாராம். அவருடைய அம்மாவை நீயும் பார்த்தாயே, ஜன்னலோரம். தினமும் அந்தக் கிழவிக்குத் தலைவாரி விடுவது விர்ஜில்தான். நீ எழுதிய அந்த முதியோர் இல்லத்தை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. அவர் டார்லினிடம் கேட்டாராம்: "லமாராவோட அண்ணனுக்கு நம்ம மேல என்ன கோவம்? ஒரு தடவகூட சிரிக்கலியே?" ஜார்ஜியாக்காரர்கள் எல்லாருமே கோபக்காரர்கள் என்று முடிவுகட்டியிருக்கிறார். பார்த்தாயா?

அண்ணா, வீட்டை நான் விற்பனைக்குக் கொடுக்கவில்லை. இங்கேயே இருக்கிறேன். நீ வெள்ளை அடித்த அறை காத்திருப்பது தெரியும். உன்னைத் தனியே விடுகிறேன் என்பதும் தெரியும். ஆனால் இவர்களுக்கு நான் நன்றி சொல்லத் தொடங்கியே ஒரு வாரம்தான் ஆகிறது.

விமானத்தில் தின்ன டார்லின் உனக்கு இனிப்பு வைத்துக் கொடுத்தாளே, நீல மூடி போட்ட பாத்திரம், அது விர்ஜிலின் அம்மாவுடையது. டார்லின் கேட்கவில்லை. "அவசரமே இல்ல, அவசரமே இல்ல" என்று மட்டும் மூன்று முறை சொன்னாள். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

உன்
லமாரா


குட்டாய்சி
2017 ஜூலை 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, பதில் எழுதுவதில்லை என்று பல நாள் இருந்தேன். வைத்த இடம் தவறு. அதே தட்டில்தான் அந்த நீல மூடிப் பாத்திரமும் இருக்கிறது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பாத்திரத்தின் அடியில் அந்தக் கிழவியின் பெயர் இருப்பது நினைவுக்கு வந்தது.

போன ஞாயிறு தெங்கிஸ் வீட்டு மேசையில் பேச்சு வந்தது. "அமெரிக்காவுல ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் போகவே மாட்டானாமே?" என்றான். நான் சொல்லிக்கொடுத்த பேச்சுதான். எனக்கு வந்ததே கோபம்! "உனக்கென்னடா தெரியும்? அவங்க வண்டிய அணைக்காம நிக்கிறதுல எவ்வளவு மரியாத இருக்குன்னு தெரியுமா?" என்று கத்தினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "வெயில்ல சுத்தாத, ஜுராப்" என்றான்.

பிறகு எழுந்து, விர்ஜில் பெயரைச் சொல்லி மதுக்கிண்ணத்தை உயர்த்தினேன். அவன் அம்மாவுக்கும் ஒரு கிண்ணம். உன்னைத் தனியாக விடாதவர்களுக்கு வேறு எப்படி நன்றி சொல்வது?

அங்கேயே இரு. அறை பூட்டித்தான் கிடக்கும், ஆனால் அதை இனி உனக்கு நினைவுபடுத்த மாட்டேன். இந்த வருஷம் அக்ரூட்டை அதில் காயவைக்கப் போகிறேன்.

அந்தப் பாத்திரத்தைத் தபாலில் அனுப்ப முடியாது, வெறுமையாகவும் அனுப்ப முடியாது. புது அக்ரூட்டை நூலில் கோத்து, திராட்சைப் பாகில் தோய்த்துக் காயவைத்து, நிரப்பி நானே எடுத்துவருகிறேன். விர்ஜிலிடம் சொல்: எனக்கு யார்மேலும் கோபம் இல்லை, என் முகமே அப்படித்தான்.

இலையுதிர்காலம்வரை பொறுக்கலாம் என்றிருந்தேன். ஆனால் டார்லின் "அவசரமே இல்லை" என்று மூன்று முறையா சொன்னாள்? அப்படியானால் போன வருஷத்து அக்ரூட்டே போதும். நாளைக்கே விசாவுக்கு எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
ஜுராப்