வளைந்து கூடிய எலும்பு

4.9.1986
மாநாட்டுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். எலும்பு சர்ஜன்களுக்கான செய்முறை வகுப்பில் எனக்குக் கிடைத்த தலைப்பு, கோணலாகக் கூடிவிட்ட தொடையெலும்பை வெட்டி நேராக்குவது. பழகிப் பார்க்க ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து பெட்டி நிறைய எலும்பு கொடுத்திருக்கிறார்கள். நான் வேலை செய்யும் கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து கோலசிலாங்கூர் வீடு வரை காரின் பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. லெட்சுமி வாசலிலேயே மறித்துவிட்டாள். "ஏங்க, வேற எடமே கெடைக்கலையா? பொணத்தக் கொண்டாந்து வீட்டுல வைப்பாங்களா?" எலும்பு டாக்டரைக் கட்டிக்கொண்டு பேசுகிற பேச்சா இது? ஆனாலும் பெட்டி கார் கொட்டகையில்தான் கிடக்கிறது.

5.9
பெட்டியைத் திறந்தேன். எல்லாம் நேரான எலும்பு, ஒன்றைத் தவிர. இடது தொடையெலும்பு. நடுவில் முறிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வெளிப்பக்கமாக வளைந்து கூடியிருக்கிறது. என் வகுப்புக்கென்றே செய்தது போல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவன், அப்படியே பெட்டியில் திரும்ப வைத்துவிட்டேன்.

என் அண்ணன் சன்னாசியின் கால் இப்படித்தான் வளைந்திருந்தது. ரப்பர்ப் பால் ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து தொடை முறிந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பலகை வைத்துக் கட்டினார். அவ்வளவுதான் வைத்தியம். அதன் பிறகு விந்தி விந்தித்தான் நடை. அந்தக் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். படித்து முடிப்பதற்குள் அண்ணன் வேலை தேடிக் கோலாலம்பூர் போனார். எட்டு வருஷமாகிறது. ஆளும் வரவில்லை, சேதியும் இல்லை.

6.9
சாப்பிட முடியவில்லை. லெட்சுமியிடம் சொல்லவில்லை.

8.9
கல்லூரிக்குப் போன் போட்டேன். "யாரும் கேட்டு வராத பாடி டாக்டர், பேரெல்லாம் கெடையாது." எந்த வருஷம்? அதுவும் தெரியாதாம்.

தோட்டத்தில் கால் கோணலானவர்களுக்கா பஞ்சம்? கலும்பாங் வரைக்கும் போனால் லயத்து வீட்டு வரிசைக்கு ஒருவர் இருப்பார். அறிவு இதைத்தான் சொல்கிறது. அப்புறம் ஏன் கார் கொட்டகைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுகிறேன்?

10.9
பத்தாங் பெர்ஜுந்தாய் போய் அண்ணியைப் பார்த்தேன். நாகமணி அண்ணி இன்னும் அதே லயத்தில்தான். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி. குடிக்க மைலோ கலக்கினார். எலும்பு என்று சொல்ல வாய் வரவில்லை. பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன்.

"அண்ணனுக்கு எந்தக் கால் அண்ணி, எடதா வலதா?"

கரண்டி நின்றது. "ஏன் கேக்குறீங்க தம்பி?"

"சும்மாதான்."

"வலது. வலது காலுதான். எனக்கா தெரியாது?" உடனே லெட்சுமி எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

11.9
வலதா? சைக்கிளில் எல்லாரும் இடது காலை ஊன்றி ஏறுகிற பக்கம் ஏற முடியாமல் மறுபக்கமாக ஏறுவாரே — அப்படியென்றால் இடதுதானே? எக்ஸ்ரேயை எதிரிலிருந்து பார்த்தே பழகியவன், எனக்குத்தான் இடவலம் மாறிவிட்டதா? கட்டிக்கொண்ட அண்ணிக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமா? வலது என்றால் நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே. ஏன் முடியவில்லை?

20.9
வகுப்பு முடிந்தது. அந்த எலும்பைக் காரிலேயே விட்டுவிடத்தான் நினைத்திருந்தேன். எனக்குக் கீழே வேலை பழகும் பாலன் அதையும் தூக்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டான். "டாக்டர், இதானே நம்ம கேஸ்! சூப்பர் கேஸ்லா!" நாற்பது சர்ஜன்கள் சுற்றி நிற்கிறார்கள். என்ன சொல்வது? இது என் அண்ணன் மாதிரி இருக்கிறது, தொடாதீர்கள் என்றா?

ரம்பத்தை எடுத்தேன். வாய் தன் பாட்டுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. கோணத்தை அளந்து, ஆப்பு போல ஒரு துண்டை அறுத்தெடுத்து, நேராக்கி, தகடு வைத்துத் திருகினேன். கையெல்லாம் எலும்புத் தூள். நான் மருத்துவம் படிக்கப் புறப்பட்ட அன்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார், "டாக்டராயி வாடா, மொத ஆப்பரேசன் எனக்குத்தான்லா." ரம்பம் ஓடி முடியும் வரை அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கை தட்டினார்கள். ஐயோ, கை தட்டுறாங்க! கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இவ்வளவு சுத்தமாக நான் யாருக்கும் செய்ததில்லை.

21.9
மற்ற எலும்புகள் திரும்பிப் போய்விட்டன. அதை மட்டும் அனுப்பவில்லை. லெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளே ஒரு வெள்ளை வேட்டி எடுத்து வந்து சுற்றி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

3.10
அண்ணி வந்தார், பஸ் மாறி, தனியாக.

"அன்னைக்கு எதுக்குக் கேட்டீங்கன்னு யோசிச்சு யோசிச்சு ஒடம்பே எளைச்சுப் போச்சு. எடது காலுதான் தம்பி. எடதுன்னு சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சிருமேன்னு மாத்திச் சொல்லிட்டேன். என்ன வச்சிருக்கீங்க? காட்டுங்க."

வேட்டியைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். அண்ணன்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, கால் கோணலான எவராகவும் இருக்கலாம் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தகட்டின்மேல் விரலை ஓட்டி, ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தார்.

"நேராக்கிட்டீங்களா?"

"ஆமாண்ணி."

வேட்டி நுனியை எலும்பின்மேல் இழுத்து மூடினார். பிறகு, "அறுக்கும்போது அவருக்கு வலிச்சிருக்காதுல்ல?" என்று கேட்டார்.

"இல்லண்ணி."

5.10
காலையில் எலும்பை எடுத்துக்கொண்டு ஆற்றுமுகத்தில் படகு பிடித்துப் போனோம். அண்ணி குங்குமம் வைத்திருக்கவில்லை. தண்ணீரில் விடுவதற்கு முன் தகட்டைக் கழற்றிவிடவா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி," என்றார். "நேரா நடந்து போவட்டும்."