இரண்டு வரி கீழே

மார்ச் 3, செவ்வாய்

மருமகள் இன்றும் தேநீரை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டு விரல்களை முழுக்கைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். விரலிடுக்குகளில் வெடிப்பு, நீர்க்கொப்புளம், மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடை வரை சிவப்பு. பக்கவாதத்தில் படுத்தவர்களை எழுப்பி நடக்கவைத்த பிசியோதெரபிஸ்டின் கை அது. ஒட்டுகிற நோயில்லை என்று தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தும், ஏப்ரல் முடிவதற்குள் ஆறாவிட்டால் அவளைப் பதிவு மேசைக்கு மாற்றிவிடுவதாக மருத்துவமனை நிர்வாகி சொல்லிவிட்டாராம்.

களிம்பு போட்டால் அடங்குகிறது. பிறகு திரும்பி வருகிறது. எதனால்?

ஆற்றின் நீர்மட்டத்தைக் குறித்தே முப்பத்தொரு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். குறிக்க மட்டும்தான் தெரியும். ஒரு நோட்டில் கட்டம் போட்டிருக்கிறேன்: அவள் அன்று தொட்டவை இடப்பக்கம், கையின் நிலை வலப்பக்கம்.

மார்ச் 5

மகன் நோட்டைப் பார்த்துவிட்டான். "அப்பா உன் கைக்கும் அளவுகோல் நட்டுட்டாரு." அவள் சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று. கேலி செய்யட்டும்.

மார்ச் 14, சனி

இந்த வாரமும் செவ்வாய், புதன்தான் மோசம். அந்த நாட்களில் அவள் புதிதாக எதையும் தொடவில்லை. லீவு நாளான ஞாயிறன்று கை தெளிந்திருக்கிறது. அப்படியானால் வேலைதான் காரணமா? வேலையை விடு என்று சொல்வதற்கா இத்தனை கட்டம் போட்டேன்?

மார்ச் 18, புதன்

மருத்துவரிடம் துணைக்குப் போனேன். நோட்டு பையிலேயே இருந்தது, எடுக்கத் துணிவில்லை. கிளம்பும்போது அவர் அவளிடம் சொன்னார்: "ஒவ்வாமை தொட்ட உடனே வந்துடாதும்மா. ஒருநாள் ரெண்டுநாள் கழிச்சுத்தான் தெரியும்."

அட மடையா — மலையில் பெய்த மழை என் அளவுகோலுக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்!

வீட்டுக்கு வந்ததும் இடப்பக்கத்தை இரண்டு வரி கீழே இறக்கி எழுதிப் பார்த்தேன். செவ்வாயின் சிவப்புக்கு நேரே வந்து நின்றது ஞாயிறு. அன்று மட்டும்தான் அவள் பெரிய பாத்திரங்களைத் தேய்க்கிறாள், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு. கையுறையை எடுத்து அளந்தேன். மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடை.

வேலையில் ஓயாமல் கழுவிக் கை வறண்டுபோகிறதே, வீட்டிலாவது சோப்பு படாமல் இருக்கட்டும் என்று அதை வாங்கிக் கொடுத்தவன் நான். அதுவும் ஒரு டஜன்.

மார்ச் 20

சொல்லவில்லை. இன்றும்.

மார்ச் 21, சனி

சொன்னேன். சொன்னேன் என்றால், நோட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் படித்தாள்.

"போங்க மாமா. நாலு மாசமா நான் எங்க ஆஸ்பத்திரிச் சோப்பைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

மார்ச் 27, வெள்ளி

எது ஒவ்வாதது என்று பார்க்கத் திங்களன்று அவள் முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பலவகைப் பொருட்களை ஒட்டினார்கள். புதனன்று பிரித்தார்கள். இன்று மறுபடி பார்த்தபோது, ரப்பரில் கலக்கும் வேதிப்பொருள் வைத்த கட்டம் மட்டும் நன்றாகச் சிவந்து தடித்திருந்தது. மருத்துவர் நோட்டைப் புரட்டி, யார் எழுதியது என்று கேட்டார்.

"எங்க மாமா. காரணமும் அவருதான், கண்டுபிடிச்சதும் அவருதான்."

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். வீடு வரை துடைத்துக்கொண்டே வந்திருப்பேன் போல.

இனி ரப்பர் கூடாது. களிம்பைச் சிவப்பு அடங்கியதும் பாதியில் விட்டுவிடாமல், அவர் சொன்னபடி மெல்லக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறை கை கழுவியதும் மணமில்லாத கெட்டி க்ரீம். பாத்திரம் மகன் பொறுப்பு. இது மட்டும் மருத்துவர் சொன்னதல்ல, நான் சேர்த்தது. மகன் மலர்ந்த முகத்தோடு ஏற்றுக்கொண்டான் என்று எழுத ஆசைதான்.

ஏப்ரல் 9

கொப்புளம் இல்லை. வெடிப்பு ஒன்று. தேநீர் கைக்கு வந்தது.

ஏப்ரல் 30, வியாழன்

முழங்கால் வலிக்கு அவளிடமே சீட்டு எடுத்துப் போனேன். வரிசையில் ஏழாவது ஆள். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவர். வேறு யாரிடமும் காட்டமாட்டாராம், அந்த அம்மா கை பட்டால்தான் கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதாம். முன்பின் தெரியாதவரிடம் நானாகப் பேசிப் பல வருடம் இருக்கும்.

"அது எங்க மருமக" என்றேன். குரல் எழும்பவில்லை. அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை சொன்னேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.